ஆட்டுப்பட்டியும் அரும்பு மீசையும்

ஆடு வளர்ப்புக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பதிலளிப்பார் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆட்டில் தொடங்கி, மூன்றாவது வரியிலேயே பத்தாம் வகுப்பு மகனிடமோ பதினோராம் வகுப்பு மகளிடமோ போய் நின்றுவிட்டன. இரண்டையும் பிரித்துத் தரும்படி மருத்துவரிடம் கேட்டோம். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கேள்வி: எங்களிடம் கொடி ஆடுகள் ஒரு பட்டியும், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருவனும் உண்டு. ஆடுகள் முள்கம்பி வேலியை நுழைந்து பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிச் செடிகளை மொட்டையடித்துவிட்டன. மகன் இரவில் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் கிரிக்கெட் ஆடப் போகிறான். தோட்டக்காரர், "இனி வந்தால் பவுண்டில் அடைத்துவிடுவேன்" என்கிறார். அவர் ஆட்டை மட்டும்தான் சொன்னாரா என்பதும் விளங்கவில்லை.
— வாசகி, விளாத்திகுளம்

பதில்: ஆட்டை மட்டும்தான் சொல்லியிருப்பார். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரை மேய்ந்த கால்நடையைப் பிடித்துப் பவுண்டில், அதாவது அத்துமீறிய கால்நடைகளை அடைத்து வைக்கும் பொதுக் கொட்டிலில், அடைக்க நில உரிமையாளருக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தில் கால்நடை என்பதற்குள் ஆடும் குட்டியும் மட்டுமின்றி யானையும் ஒட்டகமும் கூட அடங்கும். பத்தாம் வகுப்பு மாணவனை ஏனோ சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே கத்தரிச் செடிக்கு உரிய பணத்தைக் கொடுத்து, அவரிடம் நல்ல வார்த்தை சொல்லி வாருங்கள்; சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

இனி வேலிக்கு வருவோம். மாடு தலையைத் தாழ்த்திப் புல்லை மேயும். ஆடு அப்படியன்று, தலையை உயர்த்தித் தழையைத் தேடும், எட்டாவிட்டால் பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை இழுக்கும். கிடைமட்டமாக நீண்ட அதன் கண்மணி, தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய சுற்றிலும் காணும் வசதியை அதற்குத் தந்திருக்கிறது. இப்படிப்பட்ட பிராணி நாள்தோறும் உங்கள் வேலியைச் சுற்றிவந்து, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது, எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாள் ஒரு சந்து கிடைத்துவிட்டால் அதை மறக்கவும் மறக்காது. முள்கம்பி ஆட்டுக்கு உதவாது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும், போகிற போக்கில் மடி கிழிந்துவிடும். கொடி ஆடு கால் நீண்ட இனம் என்பதால் ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை அடியுங்கள். உயரத்தைவிட அடிப்பகுதியே முக்கியம், வலையின் கீழ் விளிம்பு தரையோடு இறுகியிருக்க வேண்டும். வேலியை ஒட்டி விறகு அடுக்கு, உடைந்த உரல், கவிழ்த்த தொட்டி எதையும் வைக்காதீர்கள். நமக்கு அது தட்டுமுட்டுச் சாமான், ஆட்டுக்குப் படிக்கட்டு. அகத்தியையும் கிளைரிசிடியாவையும் உயிர்வேலியாக நடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால், வலைக்கு வெளியே வாய் எட்டாத தூரத்தில் நடுங்கள். உள்ளே நட்டால் வேலியே பந்தியாகிவிடும்.

பட்டியில் எல்லா ஆடுகளும் சேர்ந்து வேலி தாண்டுவதில்லை. மூத்த பெட்டை ஒன்று முதலில் நுழையும், மற்றவை அதன் வாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகும். அந்த ஒன்றை அடையாளம் கண்டு கட்டிப் போட்டுவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்துவிடும். உங்கள் மகன் விஷயத்திலும் சுவர் ஏறும் யோசனை அவனுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த வயதில் மூளையின் முன்பகுதி, அதாவது விளைவை எண்ணிப் பார்த்துக் கையைக் கட்டும் பகுதி, இன்னும் முதிர்ந்து முடியவில்லை. அது முடிய இருபத்தைந்து வயது வரையில் கூட ஆகும். அதிலும் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் துணியும் அளவு, தனித்திருக்கும்போது துணிவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். முன்னால் போகிறவன் யார் என்று விசாரித்து, அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். கட்டிப் போடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அந்த வீட்டுச் சுவரை ஏறிக் குதிக்கக் கொஞ்சம் கூசுவான். அத்துடன் வாரத்தில் இரண்டு மாலைகளில் இரவு ஒன்பது மணி வரை விளையாடலாம் என்று நீங்களே சொல்லி, வாசற்கதவைத் திறந்து வையுங்கள். எட்டு மணிக்கே பூட்டுப் போடுகிற வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் சுவர்தான் வாசல்.

கேள்வி: ஆடுகளுக்கு அறுத்துப் போடும் தீவனத்தில் பாதியை மிதித்து வீணாக்குகின்றன. பதினாறு வயது மகள் சோற்றுத் தட்டில் முக்கால் பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, முருங்கைக்கீரைப் பொரியலை யாரும் பார்க்காதபோது ஆட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறாள். யாரை முதலில் திருத்துவது?
— வாசகி, பெருந்துறை

பதில்: ஆடு எதையும் தின்னும் என்பது ஆடு வளர்க்காதவர்களின் நம்பிக்கை. தீவனத்தில் அதைப் போலக் குறை சொல்லும் கால்நடை வேறில்லை. ஒரு முறை காலடி பட்டதையும் சிறுநீர் பட்டதையும் பட்டினி கிடந்தாலும் தொடத் தயங்கும். தழையைத் தரையில் கொட்டுவதை நிறுத்தி, கட்டாகக் கட்டி அதன் முகத்துக்கு நேராகத் தொங்கவிடுங்கள். கோ-4 என்ற கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் தட்டையானால் துண்டாக நறுக்கித் தொட்டியில் இடுங்கள். சூபாபுல் என்ற சவுண்டல் மரத்தின் தழையைக் கொடுப்பதாக இருந்தால், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் காரணமாக மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வேம்பு, அகத்தி, வேலிமசால் ஆகியவற்றோடு கலந்து கொடுங்கள். மூன்று நாளில் வீணாவது குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

திருத்துவது இருக்கட்டும், மகளிடம் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டின் குடலில் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு பெருகியிருக்கிறதா என்பதை அறிய நாங்கள் செய்யும் முதற்காரியம், கட்டைவிரலால் அதன் கீழ் இமையை மெல்ல இறக்கி உட்பக்கத்தைப் பார்ப்பதுதான். நல்ல ஆட்டுக்கு அது செம்பருத்தி இதழின் நிறத்தில் இருக்கும். புழு மிகுந்த ஆட்டுக்கு வெளிறிக் காகிதம் போல இருக்கும். மனிதர்களுக்கும் இந்தச் சோதனையே முதல் அடையாளம் காட்டும். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. மகளுடைய கீழ் இமை வெளிறியிருந்தால், படியேறும்போது மூச்சு வாங்கினால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, அதுவும் ஆட்டுக்குப் போகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

பசியின்மைக்கு வேறு காரணம் இல்லையென்றால், தட்டில் போட்டுத் தலைமேல் நிற்பதை விட்டுவிட்டு, முருங்கைக்கீரையை அடையில் கலந்து, கைக்கு எட்டும் இடத்தில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பரிமாறினால் வேண்டாம் என்பார்கள், சமையலறையில் தாமாகக் கண்டுபிடித்ததை நின்றபடியே தின்று தீர்ப்பார்கள். இதில் ஆட்டுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு கண்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

கேள்வி: பொலிகிடாயின் வாடை தெரு முனை வரை வீசுகிறது. அதைப் பொறுத்துக்கொண்டேன். பதினேழு வயது மகன் அடிக்கும் பாடி ஸ்ப்ரே வாடையைப் பொறுக்க முடியவில்லை. இரண்டும் கலந்த நாள்களில் உறவினர்கள் திண்ணையோடு திரும்பிவிடுகிறார்கள்.
— வாசகர், தேனி

பதில்: கிடாயின் வாடை அதன் கொம்புகளுக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது, போதாக்குறைக்கு, பருவக் காலத்தில் அது தன் சிறுநீரைத் தானே தாடியிலும் முன்னங்கால்களிலும் பீய்ச்சிக்கொள்ளும். நமக்கு அருவருப்பானாலும் பெட்டை ஆடுகளுக்கு அதுதான் அத்தர். குளிப்பாட்டினால் ஒரே நாளில் மீண்டும் பூசிக்கொள்ளும் என்பதால் சோப்பை வீணாக்காதீர்கள். கிடாயின் கொட்டிலைக் காற்று வீசும் திசை பார்த்து வீட்டுக்கும் பால் ஆடுகளுக்கும் தள்ளி அமையுங்கள். கறக்கும் இடத்துக்கு அருகே கிடாய் நின்றால் பாலில் கூட அந்த வாடை ஏறிவிடும்.

மகனுக்குச் சோப்பு பயன்படும். பருவ வயதில் அக்குளிலுள்ள வியர்வைச் சுரப்பிகள் புதிதாக வேலை செய்யத் தொடங்குகின்றன, அந்த வியர்வையைத் தோலிலுள்ள நுண்ணுயிரிகள் சிதைப்பதால்தான் வாடை வருகிறது. குளிக்காத உடம்பின் மேல் ஸ்ப்ரே அடித்தால் பழைய வாடையோடு புதிய வாடை ஒன்றும் சேரும், அவ்வளவுதான். மாலையில் விளையாடி வந்ததும் குளியல், துவைத்த பனியன், அதன் பிறகு வேண்டுமானால் ஒரே ஒரு முறை ஸ்ப்ரே. உறவினர்கள் முன்னிலையில் இதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அதிகாலை ஐந்து மணிக்கே ஆடுகள் கத்தி ஊரை எழுப்புகின்றன. விடுமுறை நாளில் மகளோ ஒன்பது மணியானாலும் எழுவதில்லை. இரவு பன்னிரண்டு வரை விழித்திருக்கிறாள். சோம்பேறித்தனத்துக்கு மருந்து உண்டா?
— வாசகர், செஞ்சி

பதில்: கத்துகிற ஆட்டை நம்பி ஐந்து மணிக்கே மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாதீர்கள். குடற்புழுவின் இளம்புழுக்கள் பனி ஈரத்தில் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும், வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் கீழே இறங்கிவிடும். பனி காயாத புல்லை மேய்ந்த ஆட்டுக்குப் புழுமருந்துச் செலவு கூடும். ஆகவே பட்டியைத் திறக்க ஒன்பது மணியே நல்ல நேரம்.

மகளுக்கும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற இயக்குநீர் பதின்வயதில் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே சுரக்கிறது, ஆனால் அவர்களுக்குத் தேவைப்படும் தூக்கமோ எட்டு முதல் பத்து மணி நேரம். பள்ளி நாளில் ஆறு மணிக்கு எழுந்து ஐந்து நாள் சேர்த்த தூக்கக் கடனைச் சனிக்கிழமை காலையில் அடைக்கிறாள். கைப்பேசியைப் பத்து மணிக்கு உங்கள் அறையில் சார்ஜ் போட ஏற்பாடு செய்யுங்கள். உங்களுடையதையும் அருகிலேயே வைத்தால்தான் இந்த ஏற்பாடு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். விடுமுறை நாளில் எட்டு மணிக்கு மேல் எழுப்பலாம். அவளும் ஆடுகளும் ஒன்றாகவே வெளியே வரட்டும்.

கேள்வி: கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மகனும் அவன் நண்பர்களும் ஆசையாக ஆடுகளுக்கு அள்ளி வைத்துவிட்டார்கள். ஒரு பெட்டை வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மருத்துவர் வந்து காப்பாற்றிவிட்டார். இத்தனைக்கும் அன்றிரவு அதே சோற்றை ஆட்டைவிட அதிகமாகத் தின்ற என் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லையே?
— வாசகர், திருமங்கலம்

பதில்: ஆட்டின் முதல் இரைப்பையில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. சோறு, அரிசி, மாவு, மக்காச்சோளம் திடீரென்று மிகுதியாக உள்ளே போனால் அமிலம் பெருகி அந்த நுண்ணுயிரிகள் அழிந்துபோகும், சில மணி நேரத்தில் ஆடு படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாளும் கோவில் கொடைக்கு மறுநாளும் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் சேர்வது இதனால்தான். இப்படி நேர்ந்தால் மீதித் தீவனத்தை அப்புறப்படுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. அவர் வரும்வரை சோடா உப்புக் கரைசல் கொடுக்கச் சொன்னால் அளவை அவரிடமே கேட்டுக்கொண்டு, ஆட்டின் தலையை மிகவும் தூக்காமல், கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அண்ணாந்த வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் மகனுக்கு ஒரே இரைப்பைதான், அதுவும் பதினைந்து வயதில் உள்ள இரைப்பை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியது நாற்பது வயதுக்கு மேல்.

கேள்வி: விடுமுறையில் மகனை ஆடு மேய்க்க அனுப்பினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான், ஆடுகள் சோளக்கொல்லையில் நின்றன. "நீங்கள் மேய்க்கத்தான் சொன்னீர்கள், அவை மேய்ந்தனவே" என்று எனக்கே பதில் சொல்கிறான்.
— வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: பதில் வழக்கறிஞருக்கு உரியது. ஆனால் இதில் சிரித்துவிட்டு விட முடியாத செய்தி ஒன்று உண்டு. இளஞ்சோளப் பயிரிலும், மழையின்றி வாடிய சோளத்திலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு நச்சு மிகுந்திருக்கும். வயிறார மேய்ந்த ஆடு வீடு திரும்பும் முன்பே விழுந்து இறந்துவிடக்கூடும். அந்தக் கொல்லையின் பயிர் பூ எடுத்துவிட்டதா என்று பாருங்கள். எடுக்காத பயிராக இருந்தால் அந்தப் பக்கமே ஆடு போகக்கூடாது. மகனிடமும் இதை உள்ளபடி சொல்லுங்கள். கண்டிப்பைக் காதில் வாங்காத பிள்ளையும் சயனைடு என்றால் நிமிர்ந்து பார்ப்பான். நீங்கள் சொல்வது உண்மையா என்று அந்தக் கைப்பேசியிலேயே தேடியும் பார்ப்பான். தேடட்டும்.

மேய்ப்பதில் அவனுக்கு அக்கறை இல்லாததற்குக் காரணம், அந்த ஆடுகள் உங்களுடையவை என்பதுதான். நம் ஊர்களில் வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டல்லவா? ஆட்டுக்காரர் பெட்டையைக் கொடுப்பார், வளர்ப்பவர் வளர்ப்பார், ஈனும் குட்டிகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். மகனுக்கு ஒரு நல்ல பெட்டையை அப்படி வாரத்துக்கு விடுங்கள். சினைக்காலம் ஐந்து மாதம், பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஒன்று உங்களுக்கு, ஒன்று அவனுக்கு. தன் பங்குக் குட்டியை விற்ற பணத்தில் அவன் என்ன வாங்கினாலும் வாய் திறப்பதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் கடினமான பகுதி அதுதான், அது உங்கள் தலையில் விழுகிறது. மூத்த பெட்டையின் கழுத்தில் மணி ஒன்றையும் கட்டிவிடுங்கள். மணியோசை தூரப் போனால் எந்த விளையாட்டின் நடுவிலும் காதுக்கு எட்டும், காதில் ஹெட்போன் இல்லாதவரை.

கேள்வி: மூன்று மாதக் குட்டிகளைப் பால் மறக்கடிக்கப் பிரித்ததிலிருந்து தாய் ஆடு இரவெல்லாம் கத்துகிறது. இதே வாரத்தில் மகளைப் பதினோராம் வகுப்புக்கு விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். அவள் ஒரு முறை கூடத் தொலைபேசியில் அழைக்கவில்லை.
— வாசகி, சங்கரன்கோவில்

பதில்: குட்டிகளைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய் அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே பட்டியில், நடுவே ஒரு தடுப்பு மட்டும் வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிகிற, பால் குடிக்க மட்டும் முடியாத விதத்தில் பிரித்தால் கத்தல் வெகுவாகக் குறையும். சில நாள்களில் இருபுறமும் பழகிவிடும். மடி கட்டியாக வீங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானியம், புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைக் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள். தாய் மறந்துவிடுமோ என்று எண்ண வேண்டாம்: பிரித்து ஓராண்டுக்குப் பிறகும் தன் குட்டியின் குரலைத் தாய் ஆடு அடையாளம் காண்கிறது என்று 2012-இல் இலண்டன் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மகள் அழைக்காததற்கு வருந்தாதீர்கள், அம்மா. விடுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை நன்றாக இருந்தால் அழைப்பதில்லை. பணம் தீரும்போதும் காய்ச்சல் வரும்போதும் நிச்சயம் அழைப்பாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்களே அழைத்து, "சாப்பிட்டாயா" என்று கேட்பதற்கு முன்னால் ஆடு எத்தனை குட்டி போட்டது என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கன்னி ஆடுதானே, முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று அவளே கேட்பாள், பேச்சு வளரும்.

கேள்வி: மகனுக்கு இந்த ஆண்டு பிளஸ் டூ. ஆடுகளை விற்றுவிட்டால் படிப்பான் என்கிறார் என் கணவர். படிப்பை விட்டுவிட்டு ஆடு வளர்க்கிறேன் என்கிறான் மகன். நான் யார் பக்கம் பேசுவது?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: இருவர் பக்கமும் வேண்டாம். மகன் எடுத்திருப்பது உயிரியல் பிரிவு என்றால், ஆட்டின் மேல் அவனுக்குள்ள ஆசைக்கு ஐந்தரை ஆண்டுப் படிப்பு ஒன்று இருப்பதை அவனிடம் சொல்லுங்கள். பி.வி.எஸ்சி. என்ற அந்தக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பைப் படிக்கச் சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய ஊர்களில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. வேறு பிரிவு என்றால் ஆட்டுப் பண்ணைக்கு வரவு செலவுக் கணக்கு எழுதத் தெரிந்தவன் வேண்டும், அதற்கும் பிளஸ் டூ தேர்ச்சி குறுக்கே நிற்காது.

பட்டி முழுவதையும் விற்க வேண்டாம். வயதான பெட்டைகளையும் உபரிக் கிடாய்களையும் கழித்தால் தேர்வுக் காலத்தில் வேலை பாதியாகிவிடும். எட்டயபுரம் சந்தை உங்களுக்குப் பக்கம், சனிக்கிழமை கூடுகிறது. வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் கண்மதிப்பில் விலை பேசும் வியாபாரியிடம் ஏமாற மாட்டீர்கள். கீழ்த்தாடையின் முன்பற்களில் எத்தனை நிலைப்பற்கள் என்று எண்ணிப் பார்த்தால் வயது தெரியும்; இரண்டு பல் போட்டது ஏறக்குறைய ஒன்றரை வயது, எட்டும் சேர்ந்தது நான்கு வயதை ஒட்டியது. சினை ஆட்டை அறியாமல் கறிக்கு விற்றுவிடாமல் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு உங்கள் கணவரைவிட மகனே பொருத்தமானவன் என்பது கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. அவனையே அனுப்புங்கள், ஆனால் பிப்ரவரிக்குள் அனுப்பிவிடுங்கள். மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போக வேண்டியவர் உங்கள் கணவர்தான்.